நடு வரப்பு நீர்முள்ளி

கனகாம்பாள் வாயை இறுக மூடிக்கொண்டு, வரப்பின் ஈரப் பக்கமாகக் குனிந்து நீர்முள்ளி அறுத்துக்கொண்டிருந்தாள். விடிந்து வெகுநேரம் ஆகவில்லை. குருவிநத்தத்துக்குப் போகிற பால் வண்டி அப்போதுதான் ரோட்டில் போனது. இடது கையில் பழைய சேலைத் துணியைச் சுற்றியிருந்தாள். நீர்முள்ளியை வெறுங்கையால் பிடிக்க முடியாது. கணுவுக்குக் கணு முள் வட்டம் கட்டி உட்கார்ந்திருக்கும். அந்த முள்ளுக்கு நடுவில்தான் ஊதாப் பூவும் இருக்கும். பூவுக்கு ஆசைப்பட்டுக் கையை விட்டுவிட்டு அழுத பிள்ளைகள் ஊரில் நிறையப் பேர்.

வாய்க்கால் ஓரம், ஏரி உள்வாய், தண்ணீர் தேங்கி வடிகிற வயல் மூலை என்று ஈரம் கண்ட இடத்திலெல்லாம் தானாக முளைக்கிற செடி அது. விதைத்தவனும் இல்லை, தண்ணீர் கட்டியவனும் இல்லை. ஆடு மாடுகூட வாய் வைக்காது. ஆனால் பாகூர்ப் பக்கத்தில் அதற்கு இருக்கிற மரியாதை நட்டு வளர்த்த கரும்புக்குக் கிடையாது. கால் வீங்கினால் செடியை வேரோடு கொண்டுவந்து கழுவி நறுக்கி, மண்சட்டியில் நாலு பங்குத் தண்ணீர் ஒரு பங்காகச் சுண்டுகிறவரை கொதிக்கவிட்டுக் குடிப்பார்கள். நீர் பிரியும், வீக்கம் வடியும். நீர்க்கடுப்புக்கு வேர். இளசாக இருந்தால் இலையைக் கீரையாகக் கடைவதும் உண்டு. விதையைப் பாலில் போட்டால் வழவழவென்று ஊறும். அது ஆண்பிள்ளைகள் சமாசாரம். புதிதாகக் கல்யாணமான எவனும் பகலில் நீர்முள்ளிப் பக்கம் ஒதுங்க மாட்டான். ஒதுங்கினால் அன்றைக்கே டீக்கடையில் அவனுக்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள்.

நோயாளிக்காக இதை அறுக்கப் போகிறவர்களுக்கு இங்கே ஒரு முறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அறுக்க வேண்டும். வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து சட்டி அடுப்பில் ஏறுகிறவரை பேசக் கூடாது. எதிரில் வருகிறவர்களும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. யாராவது கூப்பிட்டுவிட்டால் போச்சு, மருந்து கெட்டது. அறுத்த செடிக்கட்டை அங்கேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் மறுபடி. இன்னொன்று, யார் நிலத்தில் வேண்டுமானாலும் அறுக்கலாம். கேட்கவும் வேண்டாம், நிலத்துக்காரன் மறுக்கவும் கூடாது. மறுத்தவன் வீட்டில் அதே நோய் வந்து உட்காரும் என்பார்கள். ஏன் எதற்கு என்று கேட்டால் ஒருவரும் சரியாகப் பதில் சொல்ல மாட்டார்கள். வாட்ஸப்பில் செய்தி அனுப்பினால் அது பேச்சில் சேருமா சேராதா என்று இளவட்டங்கள் ஒருமுறை பெரிய விவாதமே நடத்தினார்கள். சேரும் என்று முடிவானது.

கனகாம்பாள் அறுத்தது தன் புருஷன் ஆதிமூலத்துக்காக. மழைக்காலம் முடிந்ததிலிருந்து அவருக்கு இரண்டு காலும் வீங்கிக் கிடந்தன. இதயமும் கிட்னியும் சேர்ந்தே தளர்ந்துபோயிருக்கின்றன என்று கடலூரில் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். நீர் பிரிவதற்கு மாத்திரை கொடுத்திருந்தார். அதைப் போட்டால் பஸ்ஸில் ஏற முடியவில்லை, ஒரு சாவுக்குப் போய் நிம்மதியாக உட்கார முடியவில்லை என்று ஆதிமூலம் மாத்திரையை நிறுத்திவிட்டார். இந்தக் காலத்து மனுஷருக்கு மாத்திரையும் வேண்டும், மாத்திரை வேலை செய்யவும் கூடாது. வீக்கம் முழங்காலைத் தாண்டியதும் கனகாம்பாள் நீர்முள்ளிக்குக் கிளம்பினாள்.

அவள் குனிந்திருந்த அந்த நடு வரப்புக்குத் தெற்கே, மோட்டார் கொட்டகை வாசலில் வீரமணி நின்றிருந்தான். ஆதிமூலத்தின் ஒரே தம்பி. அண்ணி அறுப்பதைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த பல் குச்சி கீழே விழுந்தது. முந்தாநாள் சாயங்காலம் அந்த வரப்பு முழுக்க அவன் களைக்கொல்லி அடித்திருந்தான்.

அடித்தது மெதுவாகக் கொல்கிற ரகம். இலையில் பட்டு, தண்டு வழியாக வேருக்கு இறங்கி, உள்ளிருந்து வேலையைக் காட்டும். ஒரு வாரம்வரை செடி எப்போதும் போலப் பச்சையாக, பூவும் மொட்டுமாகத்தான் நிற்கும். கனகாம்பாள் வேரோடு அறுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். நல்ல உடம்புக்காரன் குடித்தாலே வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும். டீக்கடையில் பேசிக்கொள்கிற அளவுக்கு ஆதிமூலத்தின் கிட்னி இருக்கிற இருப்பில் அவர் என்ன ஆவார் என்று வீரமணிக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வரப்பின் ஈரப் பக்கத்தில் இங்கே எவனும் களைக்கொல்லி அடிப்பதில்லை. பெண்கள் அங்கேதான் பொன்னாங்கண்ணி பறிப்பார்கள், நீர்முள்ளி அறுப்பார்கள். புல் அதிகமானால் அரிவாள் போடுவதோடு சரி. அது வீரமணிக்கும் தெரியும். அவன் பெண்டாட்டி செல்வகுமாரி அன்றைக்கே வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனால் அது சாதாரண வரப்பில்லை, அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் இருக்கிற வரப்பு. வரப்பைச் சுத்தமாக வைத்திருக்கிறவன் எவனோ அவனுடையது வரப்பு என்று அவன் ஒரு கணக்குப் போட்டான். தன் பக்கத்துச் சரிவில் மட்டும் அடித்திருந்தாலாவது பரவாயில்லை. அந்தப் பக்கத்துச் சரிவிலும் இறங்கி அடித்தான்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு சாண் மண். அப்பா போனபின் நிலத்தை வடக்கு அண்ணனுக்கு, தெற்கு தம்பிக்கு என்று பிரித்துக்கொண்டு இரண்டு பேரும் வெகுகாலம் ஒழுங்காகத்தான் பயிர் செய்தார்கள். ஒரு வருஷம் ஆதிமூலம் வைத்த டிராக்டர்காரன் வண்டியைத் திருப்பும்போது வரப்பைக் கொஞ்சம் சீவிவிட்டான். வீரமணி போய்ச் சொன்னான். மண்ணுதானேடா, எடுத்துப் போட்டுக்கோ என்று ஆதிமூலம் சிரித்தார். சிரிக்காமல் சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். வீரமணி சர்வேயரைக் கூட்டிவந்து அளந்து கல் நட்டான். கூடப் பிறந்தவன் தனக்கே கல் நட்டுவிட்டான் என்று ஆதிமூலம் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. பிறகு அவர் மகள் கல்யாணம் வந்தது. ஒரே ஊரில் இருக்கிற தம்பிக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. ஸ்டாம்பு ஒட்டிய அந்தக் கவரைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீரமணி சபதம் போட்டான்: அவர்களாக வந்து பேசுகிறவரை இந்த வாய் திறக்காது.

அந்த வாயை இப்போது திறக்க வேண்டியிருந்தது. பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அண்ணி என்று ஒரு முறை கூப்பிட்டால் போதும். மருந்து கெட்டுப்போகும், அவள் கட்டைக் கீழே போட்டுவிடுவாள், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஊர் வைத்திருந்த முறையே அவனுக்கு இவ்வளவு சுலபமான வழியைக் கொடுத்திருந்தது.

கனகாம்பாள் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்போடு வந்தாள். ரோட்டுக்கு ஏற வேண்டுமானால் கொட்டகையைத் தாண்டித்தான் போக வேண்டும். வரப்பு அந்த இடத்தில் ஓராள் அகலம். வீரமணி சேற்றில் இறங்கி வழி விட்டான். அவள் சேலை அவன் கையில் உரசியது. ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்தாள். செடி அறுத்ததற்கு ஏதாவது சொல்வானோ என்று பயந்த பார்வையாகவும் இருக்கலாம், மூன்று வருஷம் கழித்து இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறோமே என்ற பார்வையாகவும் இருக்கலாம். அவள்தான் பேசக் கூடாதே. அண்ணி என்று கூப்பிட வீரமணி வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அவள் ரோட்டில் ஏறி வடக்கே திரும்பிவிட்டாள்.

எனக்கு இந்த இடத்தில் வீரமணி மேல் கோபம்தான் வருகிறது. அவனோ நின்ற இடத்திலேயே காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் மருந்தைக் கெடுத்த பாவம். கூப்பிட்டால், அண்ணனுக்குக் கொண்டுபோன மருந்தைத் தம்பி வேண்டுமென்றே கெடுத்தான் என்று மதியத்துக்குள் ஊர் பேசும். அப்புறம் களைக்கொல்லி அடித்ததைச் சொல்ல வேண்டும். மருந்துச் செடியில் விஷம் அடித்தவன் என்று அதையும் பேசும். எல்லாம் உண்மையான காரணங்களே. ஆனால் அவன் நாக்கைப் பிடித்துக்கொண்டது இவை எதுவும் இல்லை.

வயலை ஒட்டியே வீடு. செல்வகுமாரி மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லச் சொல்ல அவள் கை தவிட்டுத் தண்ணீரிலேயே நின்றுவிட்டது. வழியில் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தேன் என்றான். கூப்பிட்டிருக்கலாமே என்றாள். கூப்பிடக் கூடாதில்லையா, மருந்து கெட்டுவிடுமே என்றான். கெடுவதற்கு அதில் இனிமேல் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டாள்.

அவள் போனில் சார்ஜ் இல்லை. அவன் போனை வாங்கிக் கனகாம்பாளுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள்தான், சட்டி ஏறும்வரை மணி அடிப்பது அவள் காதில் விழாதது போலத்தான். ஆதிமூலத்துக்கு அடித்தாள். இரண்டு மணி போனதும் துண்டித்துவிட்டார். மறுபடி அடித்தாள், மறுபடி துண்டித்தார். மூன்றாவது தடவை ஸ்விட்ச் ஆஃப் என்றது. போனில் வீரமணியின் பெயர் வந்திருக்கும், வேறென்ன. செல்வகுமாரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

நீ போய்ச் சொல்லிவிட்டு வாயேன் என்றான் வீரமணி. அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

“அடிச்சது நானா?”

அவன் மொபெட்டை எடுத்தான்.

ஆதிமூலம் வீடு ஊரின் அந்தக் கோடியில், மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால். சாதாரண நாளில் ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் போய்விடலாம். அன்றைக்குப் பார்த்து, வளைவில் கரும்பு ஏற்றிய டிராக்டர் பெட்டி ஒரு சக்கரம் கப்பி ரோட்டை விட்டு இறங்கிச் சாய்ந்து நின்றது. ரோட்டை அடைத்துக் கரும்பு. இறக்கி ஏற்ற நேரம் ஆகும், சுற்றிப் போங்க என்றார்கள். சுற்றிப் போக வேண்டுமென்றால் ஏரிக்கரை வழியாகப் போக வேண்டும். வீரமணி மொபெட்டைப் படுக்கப் போட்டுவிட்டு, கரும்பின் மேலேயே ஏறி மறுபக்கம் குதித்து நடந்தான். கரும்புச் சோகை கையிலும் முகத்திலும் கீறியது. முதலில் நடந்தான், பிறகு ஓடினான். இந்த வயசில் இவன் எங்கே ஓடுகிறான் என்று வாசலில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஊர் பார்க்கிறது என்று அவனுக்கு அப்போது தோன்றவே இல்லை.

நாலுக்கு ஒன்றாகச் சுண்ட எவ்வளவு நேரம் ஆகும் என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டு ஓடினான். அண்ணி பொறுமைசாலி, சுண்டும்வரை இறக்க மாட்டாள். அண்ணனுக்குப் பொறுமை கிடையாது. கொதித்த வாசனை வந்ததும் போதும் ஊற்று என்று கேட்கிற ஆள். சின்ன வயதில் வேர்க்கடலையை வேகும்முன்பே சட்டியிலிருந்து எடுத்துத் தின்றவர். இவனுக்கும் கொடுத்துத் தின்றவர்.

வாசல் கதவு திறந்து கிடந்தது. முற்றத்தில் மூன்று செங்கல் அடுப்பில் மண்சட்டி இருந்தது. பச்சை வாடையோடு ஆவி வந்துகொண்டிருந்தது. ஆதிமூலம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஸ்டூல்மேல் நீட்டி, வேட்டியால் மூடியிருந்தார். விடிந்ததிலிருந்து அடக்கி வைத்த பேச்சையெல்லாம் கனகாம்பாள் விறகைத் தள்ளிக்கொண்டே கொட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எவர்சில்வர் தம்ளரும் வடிகட்டத் துணியும் தயாராக இருந்தன. தம்ளர் காலியாக, காய்ந்து இருந்தது. வீரமணி முதலில் பார்த்தது அதைத்தான்.

தம்பியைப் பார்த்ததும் ஆதிமூலத்தின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. வா என்ற சொல் அவரைக் கேட்காமலே வாயிலிருந்து வந்துவிட்டது. உடனே சுதாரித்துக்கொண்டு முகத்தை இறுக்கிக்கொண்டார். வீரமணிக்கு மூச்சு வாங்கியது. தூணைப் பிடித்துக்கொண்டு, சட்டியைக் காட்டி, அதைக் குடிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னான்.

எந்த இடத்தில் எதைச் சொன்னான் என்பதுதான் கோளாறு. மருந்துச் செடியை மறுக்கக் கூடாது என்பது ஊருக்கே தெரிந்த முறை. மூன்று வருஷம் பேசாதவன் ஓடிவந்து, முதல் வார்த்தையாக, என் வரப்பில் அறுத்ததைக் குடிக்காதே என்கிறான். ஆதிமூலம் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அவர் முகம் கறுத்தது.

“ஒரு சாண் மண்ணுக்குக் கல்லு நட்ட. இப்ப ஒரு கட்டு முள்ளுச் செடிக்கு ஓடியாந்திருக்கியா? கனகா, வடிகட்டு. அவன் எதிர்லயே குடிக்கறேன்.”

வேண்டாம் அண்ணா என்று வீரமணி குறுக்கே போனான். வரப்பில் களைக்கொல்லி அடித்திருக்கிறேன், முந்தாநாள் அடித்தேன், இரண்டு பக்கமும் அடித்தேன் என்றான். ஆதிமூலம் நம்பவில்லை. களைக்கொல்லி அடித்த செடி இப்படிப் பூத்துக்கொண்டு நிற்குமா என்று கேட்டார். மீதமிருந்த செடி சுவரோரம் கிடந்தது; பச்சைப் பசேலென்று, ஊதாப் பூவோடு. அதைப் பார்த்தால் வீரமணிக்கே தான் சொல்வது பொய்யோ என்றிருந்தது. மெதுவாகக் கொல்கிற ரகம் என்று விளக்கினான். விளக்க விளக்கக் கதை கட்டுவது போலவே இருந்தது. ஆதிமூலம் தானே குனிந்து தம்ளரை எடுத்தார்.

கனகாம்பாள் அவர் கையிலிருந்து தம்ளரை வாங்கினாள்.

“வுடுங்க. மூலிகைல வெசத்த அடிச்சேன்னு எவனாவது பொய் சொல்லுவானா? பொய் சொல்றவன் நல்ல பேர் வாங்கத்தான் சொல்லுவான்.”

அவள் சட்டியைத் துணி போட்டுப் பிடித்து இறக்கினாள். பின்பக்கம் வாழைக்கு ஊற்றப் போய், பிறகு நின்று யோசித்து, சாம்பல் குழியில் கவிழ்த்தாள். சட்டியையும் அதிலேயே போட்டு உடைத்தாள். மீதிச் செடியை அடுப்பில் திணிக்கப் போனவளை, புகையும் ஆகாது என்று வீரமணி தடுத்தான். மண்வெட்டியை எடுத்து அவனே குழியில் தள்ளி மூடினான். அவள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். இன்னொரு தடவையும் கழுவினாள். அவன் வர இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு அவள்தான் கேட்டாள்.

“நான் ஒன்ன ஒரசிக்கினு போனேனே தம்பி. அண்ணின்னு ஒரு வார்த்த கூப்ட்டிருந்தா அங்கியே போட்டுட்டு வந்திருப்பேனே. ஏன் கூப்டல? மருந்து கெட்டுப்பூடும்னு பாத்தியா?”

நல்ல மனுஷி. கேள்வியோடு பதிலையும் அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ஊர் முறைக்குக் கட்டுப்பட்டவன் என்று அவளும் விட்டுவிடுவாள், அண்ணனும் விட்டுவிடுவார். கேட்கிறவர்களும் பாவம் அவன் என்ன செய்வான் என்பார்கள். அவன் பெண்டாட்டியிடம் சொன்ன பதிலும் அதுவேதான். வீரமணி மண்வெட்டிப் பிடியைப் பிடித்துக்கொண்டு சாம்பல் குழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்ல அண்ணி” என்றான். “மருந்துக்காக இல்ல. ஒங்க கூடப் பேசக் கூடாதுன்னு இருந்தேன். அதான் வாய் வரல. நீங்க ரோட்ல ஏர்ற வரைக்கும் பாத்துக்கினுதான் நின்னேன்.”

கனகாம்பாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ முகத்தைத் திருப்பிக்கொண்டு, எரிந்துகொண்டிருந்த விறகை ஒவ்வொன்றாகத் தண்ணீர் தெளித்து அணைக்க ஆரம்பித்தாள்.

நாற்காலியில் இருந்த ஆதிமூலம் தொண்டையைச் செருமினார். அவர் கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுபோயிருந்தது. வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே, போன் வந்தது என்றார். மூன்று தடவை வந்தது, பெயரைப் பார்த்தேன், பார்த்துத்தான் துண்டித்தேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் தம்பியைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியைப் பார்த்தார். விறகை அணைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். எத்தனை மணிக்கு வந்தது, யார் எதற்கு அடித்தார்கள் என்று எதையும் அவள் கேட்கவில்லை. இப்படி இரண்டு பேரை ஒரே வயிறு எப்படித்தான் தாங்கியதோ என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் உள்ளே போனது மாத்திரை அட்டையைத் தேடி. மூலையில் கிடந்த ஆஸ்பத்திரிப் பையோடு திரும்பி வந்தாள். இனி இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க முடியாது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றாள். ஆதிமூலம் நாளைக்குப் பார்க்கலாம் என்று இழுத்தார். அவள் கேட்கவில்லை. நிறுத்திவிட்ட மாத்திரைக்கு டாக்டரிடம் யார் பதில் சொல்வது என்பது அவருடைய கவலை. வீரமணி வெளியே போய் ஆட்டோ பிடித்து வந்தான். கரும்பு வண்டி நின்ற பக்கம் வேண்டாம், ஏரிக்கரை வழியாகப் போகலாம் என்று ஆட்டோக்காரனிடம் சொல்லிவைத்தான்.

ஆதிமூலத்தால் தானாக எழ முடியவில்லை. வீரமணி அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். மூன்று வருஷத்தில் அண்ணன் இவ்வளவு கனத்துப்போனதை அவன் எதிர்பார்க்கவில்லை. எல்லாம் நீர். ஆட்டோ சீட்டில் உட்கார வைத்ததும் கால்கள் வெளியே தொங்கின. அவர் மடக்கப் பார்த்தார், மடங்கவில்லை. வீரமணி தரையில் குந்தி உட்கார்ந்து, வேட்டியை விலக்கி, வலது காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தான்.

கையை எடுத்தபோது அவன் விரல்கள் அழுந்திய இடமெல்லாம் குழியாக நின்றது. ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. தோல் மினுமினுவென்று இருந்தது. ஏதோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று அவன் பதறிப்போய் உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக் கொடுத்தான். குழி அப்படியே இருந்தது. அண்ணனுக்குக் கால் வீக்கம் என்று டீக்கடையில் கேள்விப்பட்டிருந்தானே ஒழிய, இதுதான் அது என்று அவனுக்குத் தெரியாது. இன்னொரு காலைத் தொடப் பயமாக இருந்தது. கண் கலங்கிவிட்டது. குந்திய இடத்திலேயே, குழி மேலே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆதிமூலம் குனிந்து அவன் தோளில் கை வைத்தார்.

“உடுடா” என்றார். “அது மெதுவாத்தான் மேல வரும்.”